கோத்தகிரி மரத்தளத்துக்கு இப்பே மரம் ஏற்றதா?

கேள்வி: கோத்தகிரியில் கட்டிவரும் எங்கள் வீட்டின் பின்புறம், சரிவை நோக்கி, கூரையில்லாத 200 சதுர அடி மரத்தளம் அமைக்க விரும்புகிறோம். தேக்கைவிட நீடித்து உழைக்கும் என்று சொல்லி, கோவை மர வியாபாரி ஒருவர் பிரேசில் நாட்டு இப்பே பலகையைப் பரிந்துரைக்கிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கலாமா? ஜன்னல்களுக்கும் அதையே போடலாமா?

பதில்: திறந்தவெளித் தளத்துக்கு இப்பே மிகவும் பொருத்தமான மரம். ஆனால், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பலகையைவிட அதன் அடியில் நீங்கள் விடும் காற்றோட்டமே தீர்மானிக்கும்.

தேக்கின் எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ. இப்பேயின் எடையோ பெரும்பாலும் 1,000 கிலோவையும் தாண்டும். உங்கள் தளத்துக்கு 25 மி.மீ. கனப் பலகை போட்டால், பலகை மட்டுமே அரை டன்னுக்கு நெருக்கமாக வரும் என்பதால், சட்டங்களையும் தூண்களையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். இதன் நடுவிலுள்ள முதிர்ந்த வைரப் பகுதியைக் கறையான் எளிதில் தொடாது, பூஞ்சையும் அரிக்காது. ஓரத்தில் வெளிறிய வெளிக்கட்டை உள்ள பலகைக்கு அந்த வலிமை கிடையாது, அத்தகையவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. ஈரத்தால் விரிந்து, வெயிலில் சுருங்கும் இயல்பு தேக்கைவிட இப்பேக்கு அதிகம். தொட்டபெட்டா மலை தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைத் தடுத்தாலும், வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் கோத்தகிரியை நன்றாக நனைக்கின்றன. அதன் பின் வரும் மாதங்களில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 5 சதவீதம் மாறினாலே, 140 மி.மீ. அகலப் பலகை சுமார் 2 மி.மீ. அளவுக்கு அகலத்தில் மாறும். எனவே பலகைகளை வந்த அன்றே பொருத்தாமல், நிழலில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, சில வாரங்கள் அவ்விடத்துக் காற்றுக்குப் பழக விடுங்கள். பொருத்தும்போது 5 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

தளத்தின் அடியில் மண்ணுக்கும் சட்டத்துக்கும் இடையே ஓரடியாவது இருக்கட்டும். பக்கங்களைச் சுவர் வைத்து அடைத்துவிடாதீர்கள். அடிப்பக்கம் ஈரத்திலும் மேற்பக்கம் வெயிலிலும் கிடக்கும் பலகை, எவ்வளவு உயர்ந்த மரமானாலும் கிண்ணம்போல் வளையும். இப்பேயை மேலே போட்டுவிட்டு, மலிவு என்பதற்காகத் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கை அடிச்சட்டமாக வைப்பது பெருந்தவறு. வெளியே நனையும் இடத்தில் சில்வர் ஓக் சீக்கிரம் மக்கிவிடும், மேலே உள்ள விலையுயர்ந்த பலகையும் அதோடு பெயர்ந்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்ச் சட்டம் போதும்.

ஆசாரியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கார்பைடு பல் வைத்த ரம்பம் தேவை. துளையிடாமல் திருகாணி இறங்காது. இரும்புத் திருகாணி போட்டால் சுற்றிலும் கறுப்புக் கறை படியும், ஆகவே துருப்பிடிக்காத எஃகே வேண்டும். அறுக்கும்போது பறக்கும் மஞ்சள் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும் என்பதால் வேலையாள் அனைவரும் முகக்கவசம் அணிவது கட்டாயம்.

வார்னிஷ் பூசாதீர்கள், அது உரிந்துவிடும். எண்ணெய் பூசினால் பழுப்பு நிறம் சில காலம் நிற்கும், பூசாவிட்டால் சாம்பல் நிறமாகும்; அதனால் வலிமை குறைவதில்லை. பாசி பிடித்தால் வழுக்கும் என்பதால், இழையின் போக்கிலேயே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சலவைச் சோடா மட்டும் வேண்டாம், மரம் சிவந்துவிடும்.

வாங்கும் முன் சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். உண்மையான இப்பே மூழ்கும், அல்லது நீர்மட்டத்தை ஒட்டியே மிதக்கும். அதன் தூள் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டுச் சிவந்தால் அதில் லபச்சால் என்னும் இயற்கைப் பொருள் இருக்கிறது என்று பொருள். தேக்கிலும் அது உண்டு என்பதால் இரண்டு சோதனையும் சேர்ந்தே பயன்படும். அதைவிட முக்கியம் ஆவணம். காடழிப்பைக் கருதி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, இப்பே மரங்களை அதன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது; 25 நவம்பர் 2024 முதல் அது நடைமுறையில் உள்ளது. அறுத்த பலகைக்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும் என்பதால், அந்தத் தாளின் நகலைக் காட்டாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

ஜன்னல்களுக்கு இப்பே வேண்டாம். கதவின் எடையில் கீல் தொங்கிவிடும், மழைக்காலத்தில் சட்டத்துக்குள் இறுகும். அங்கே நன்கு உலர்ந்த தேக்கே போதுமானது.