வெறும் அலங்காரமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தேவதைக் கதைகளை வரைகிறேன். க்ளிம்ட், முகா, பிலிபின் என்று நூறு வருடத்துக்கு முந்தைய ஓவியர்களின் அலங்கார பாணிதான் எனக்குப் பிடிக்கிறது. இன்று ஆட்ரி கவாசாகி போன்ற ஓவியர்களைப் பார்க்கும்போது தைரியம் வருகிறது. ஆனால் என் ஓவிய ஆசிரியர், ‘இது வெறும் அலங்காரம், காலண்டர் படம்’ என்கிறார். நான் செய்வது காப்பிதானா? டேப்லெட்டில் வரைவது தவறா? என் படங்கள் நான்கை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டேப்லெட்டில் தாராளமாக வரையுங்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. காப்பி பற்றியும் அலட்டிக்கொள்ள வேண்டாம். பிலிபின் ஜப்பானிய அச்சுப் படங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். கவாசாகி ஆர்ட் நூவோ என்கிற அந்தப் பழைய அலங்கார பாணியின் வளைகோடுகளையும் ‘மாங்கா’ எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையையும் ஒரே மரப்பலகையில் சேர்க்கிறார், அந்தப் பலகையின் ரேகைகளைக்கூட மறைப்பதில்லை. எடுத்துக்கொள்ளாத ஓவியர் யார்?

உங்கள் ஆசிரியர் சொன்ன அந்த ‘வெறும்’தான் என்னைச் சீண்டுகிறது. கொஞ்ச நாளாகவே இதே நினைப்பாக இருந்தேன். அலங்காரத்தைக் கேவலமாகப் பேசுவது ஒன்றும் புதிதல்ல. க்ளிம்ட் வாழ்ந்த அதே வியன்னாவில் அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைக் குற்றத்தோடு சேர்த்தே பேசினார். பச்சை குத்திக்கொள்ளும் நவீன மனிதன் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்கிற அளவுக்குப் போனார். நல்ல கட்டடங்கள் கட்டியவர்தான். சரி, அவரை விடுங்கள்.

க்ளிம்டின் ‘முத்தம்’ (1907–08) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் முகம் முழுதாகத் தெரியாது. பெண்ணுக்கு ஒரு முகம், கைகள், பூந்தரையின் விளிம்பில் மடங்கிய கால்விரல்கள், அவ்வளவுதான். உடல்கள் இரண்டும் பொன்னுக்குள் போய்விட்டன. ஆனாலும் அவன் எங்கே முடிகிறான், அவள் எங்கே தொடங்குகிறாள் என்று நமக்குத் தெரிகிறது. எப்படி? அவன் அங்கியில் கறுப்பும் வெள்ளையுமாகச் செவ்வகங்கள். அவள் உடையில் வட்டங்கள், வண்ணப் பூக்கள். அந்தக் கோலங்களைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஒரு மஞ்சள் மூட்டைதான் மிஞ்சும். கதை முழுவதையும் சொல்வது அலங்காரம்தான். க்ளிம்டின் அப்பா பொன்னில் செதுக்குவேலை செய்தவர். பொன் அந்த வீட்டுத் தொழில்.

இனி திட்டு. உங்கள் நான்கு படங்களிலும் ஒரு பெண், பறக்கும் கூந்தல், சுற்றிலும் கொடி. யார் இவள்? எந்தக் கதை? கதையில் எந்தக் கணம்? நாலு படத்துப் பெண்களின் பெயரையும் மாற்றிப் போட்டால் எனக்கு வித்தியாசம் தெரியாது. இடம் காலியாகத் தெரிந்த இடத்திலெல்லாம் பூ வைத்திருக்கிறீர்கள். இவற்றைப் பார்த்தபின் உங்கள் ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் பாதி குறைந்துவிட்டது.

பிலிபின் வரைந்த வசிலிசாவைப் பாருங்கள், ரஷ்ய தேவதைக் கதையின் நாயகி. சிற்றன்னை நெருப்பு வாங்கிவர பாபா யாகா என்ற சூனியக்காரியிடம் அனுப்பிய பெண். கம்பில் செருகிய மண்டையோட்டைப் பிடித்துக்கொண்டு சூனியக்காரியின் குடிசையை விட்டு இரவில் வெளியே வருகிறாள். மண்டையோட்டின் கண்கள்தான் அவளுக்கு விளக்கு. வீட்டில் சிற்றன்னையைச் சாம்பலாக்கப்போவதும் அதே கண்கள். அந்தப் படத்தின் தடித்த கறுப்புக் கோடுகளை ஒருமுறை பென்சிலால் பிரதியெடுக்கப் பார்த்தேன், குடிசை வருவதற்குள் கை நடுங்கிவிட்டது. பிலிபினை ‘இரும்புக் கை இவான்’ என்பார்கள். அப்பேர்ப்பட்ட கை இருந்தும், அவர் முதலில் முடிவு செய்தது எந்தக் கணத்தை வரைவது என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு கோடு வருகிறது. மூன்றாவது படத்தில் அந்தக் காது மடலை இழுத்திருக்கும் விதத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். அந்த மூன்றாவது பெண் யார், அவளுக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம் அவள் தலையில் எந்தப் பூ வைக்கலாம் என்று பேசுவோம்.