மக்காவின் வணிகமும் தொடக்ககால இஸ்லாமியச் சமூகமும்

இஸ்லாம் வணிகச் சமூகத்தில்தான் தோன்றியதா என்று கேட்டால், ஆம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அன்றைய மக்காவைப் பட்டும் நறுமணப் பொருள்களும் குவிந்த பெருநகரமாகக் கற்பனை செய்வது மிகை என்றே கருதுகிறேன். விளைநிலம் இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த குறைஷி குலத்தார் தோல் போன்ற சரக்குகளை ஒட்டகங்களில் ஏற்றிச் சென்று பிழைத்தார்கள். அவர்களுடைய குளிர்கால, கோடைக்காலப் பயணங்களைக் குர்ஆனின் 106ஆம் அத்தியாயமே குறிப்பிடுகிறது.

பின்னாளில் தம் மனைவியான வணிகர் கதீஜா அம்மையார் முதல் போட, நபிகள் நாயகம் சரக்குடன் சிரியா சென்று வந்ததாக வரலாறு கூறுகிறது. ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தந்து, லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளும் இம்முறையைப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் முளாரபா என்றார்கள். நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும்.

622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த முஸ்லிம்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், அவ்வூர்க்காரர் ஒருவர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோதும் அதை ஏற்காமல், சந்தைக்கு வழி கேட்டு, வெண்ணெயும் உலர்ந்த பாலாடைக்கட்டியும் விற்றே தலையெடுத்தார். குர்ஆனின் மிக நீளமான வசனமும் (2:282) கடனை எழுதி வைத்துச் சாட்சிகளை நிறுத்துவது பற்றியதுதான். கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு எழுத்து தேவையில்லை என்று அது விலக்கும் அளிக்கிறது.