மேடையேற மறுக்கும் ஊழியர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கும் பம்ப் ஆபரேட்டர்களுக்கும் ஆறு மாதம் வாசிப்பு, கணக்குப் பயிற்சி நடந்தது. செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று மேடையில் சான்றிதழ் தர ஏற்பாடு செய்தோம். பாதிப் பேர் வரமாட்டோம் என்கிறார்கள். ஏன்?

பதில்: அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். ‘எழுத்தறிவு பெற்ற ஊழியர்களுக்குப் பாராட்டு’ என்று அச்சடித்திருப்பீர்கள். ‘கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன், நீயே படிச்சுச் சொல்லு’ என்று பல வருஷம் சமாளித்து வந்தவரை ஊரறியக் காட்டிக்கொடுக்கும் வாசகம் அது. அவர் வரமாட்டார்தான்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். மேடையில் வாங்கிக்கொள்ளலாம், தன் பிரிவின் காலைக் கூட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம், சத்தமில்லாமல் உறையில் போட்டுக் கையிலும் வாங்கிக்கொள்ளலாம். எது என்பது அவர் விருப்பம். புகைப்படத்துக்குச் சம்மதமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். மேடைக்குச் சரி என்றவர் படத்துக்கும் சரி என்று சொன்னதாக ஆகாது.

சான்றிதழில் பழைய குறையை எழுதாமல் இப்போது செய்யும் வேலையை எழுதுங்கள். ‘அடிப்படை எழுத்தறிவு முடித்தார்’ என்பதைவிட, ‘நீரேற்று நிலையப் பதிவேட்டைத் தனியாக எழுதுகிறார், குளோரின் அளவைத் தானே கணக்கிடுகிறார்’ என்பதில் மதிப்பும் இருக்கிறது, தகவலும் இருக்கிறது. அதன் நகல் பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நாளில் அந்தக் காகிதத்தை யாரும் தேடமாட்டார்கள். இன்னொன்று: பயிற்சி நேரத்தில் மாற்று ஆள் போட்டு ஊழியரை அனுப்பிவைத்த மேற்பார்வையாளரையும் பாராட்டுங்கள். வகுப்புக்கு ஆள் வராமல் போவதற்கு ஷிப்டில் மாற்று ஆள் இல்லாதது பெரிய காரணம்.

கேள்வி: தேர்வு வைத்தால் பயப்படுகிறார்கள். தேர்வே இல்லாமல், கற்றுக்கொண்டார்களா என்று எப்படி அறிவது?

பதில்: அவர்கள் தினமும் எழுதும் தாளே தேர்வுத்தாள். பயிற்சிக்கு முந்தைய மாதத்திலிருந்து 20 பதிவுத் தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து மூன்றாம் மாதத்தில் 20, ஆறாம் மாதத்தில் 20. ஒவ்வொன்றிலும் காலியாக விட்ட கட்டங்கள், தவறான அலகு, ‘இது என்ன?’ என்று அலுவலகம் திருப்பிக் கேட்ட இடங்கள் ஆகிய மூன்றையும் எண்ணுங்கள். பெயரை மறைத்துவிட்டு எண்ணினால் இன்னும் நல்லது.

கணக்குக்கு ஓர் உதாரணம். தொட்டியில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டும். மொத்தம் 200 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடர் பையில் 25 சதவீதம் என்று போட்டிருந்தால் 800 கிராம் பவுடர் வேண்டும். வழக்கமாக நடக்கும் தவறு, பையில் உள்ள சதவீதத்தைப் படிக்காமல் 200 கிராம் பவுடரைக் கொட்டிவிடுவது. அப்போது லிட்டருக்கு அரை மில்லிகிராம்தான் சேரும். அதிலும் ஒரு பகுதியைத் தண்ணீரிலுள்ள அழுக்கே தின்றுவிடும். கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய 0.2 மில்லிகிராம் மிஞ்சாமல் போகலாம். 800 என்று சொல்பவருக்குக் கணக்கு வந்துவிட்டது. ‘பை பிரித்து நாளாச்சு, வீரியம் குறைஞ்சிருக்கும், குழாயடியில் ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடறேன்’ என்று சேர்த்துச் சொல்பவர் தொழிலையே படித்தவர். இரண்டுக்கும் ஒரே சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

பயிற்சியை அளவிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கிய நான்கு படிகள் இன்றும் பயன்படுகின்றன: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் தெரிகிறதா. நம் அலுவலகங்கள் ‘வகுப்பு எப்படி இருந்தது?’ என்ற கருத்துப் படிவத்தோடு, முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. மேலே சொன்ன 20 தாள் எண்ணிக்கை உங்களை மூன்றாம் படிக்குக் கொண்டுபோகும்.

கேள்வி: நான் எந்த வகுப்புக்கும் போனதில்லை. சீனியரிடம் பார்த்துப் பழகியதுதான். அதற்கு அங்கீகாரம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஆதாரம் வேண்டும். வகுப்பறைக்கு வெளியே கற்றதை அங்கீகரிக்க யுனெஸ்கோ 2012-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ஒரு கோப்பு தொடங்குங்கள். நீங்கள் தனியாகச் செய்யும் ஐந்தாறு வேலைகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஓர் ஆதாரம் வையுங்கள்: நீங்கள் எழுதிய பதிவுப் பக்கத்தின் நகல், பழுது நீக்கிய குறிப்பு, புதியவருக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததற்கு மேற்பார்வையாளரின் இரண்டு வரி. பொதுமக்களின் பெயர், முகவரி உள்ள பக்கமானால் அவற்றை மறைத்துவிட்டு நகலெடுங்கள். பிறகு நேரில் செய்துகாட்ட ஒரு வாய்ப்புக் கேளுங்கள். ‘நல்ல உழைப்பாளி’ என்று பொதுவாகப் புகழும் கடிதங்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போவதுதான் பலர் செய்யும் பிழை. அந்தக் கடிதங்களை வைத்து மதிப்பீட்டாளரால் எதையும் குறிக்க முடியாது.

கேள்வி: பயிற்சி முடிந்தும் புகார்ப் படிவத்தில் ஒரே கட்டத்தைப் பெரும்பாலோர் தப்பாக நிரப்புகிறார்களே?

பதில்: அப்படியானால் கோளாறு கட்டத்தில். ‘பொருந்தாதன நீக்குக’ என்பதை எடுத்துவிட்டு ‘சரியானதற்கு ✓ போடவும்’ என்று மாற்றி, ஐந்து பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள். எங்கே பேனா தயங்கி நிற்கிறதோ, அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.