14 வயது மகனிடமிருந்து போனைப் பிடுங்கிவிடலாமா?

இரவெல்லாம் போனும் கையுமாக இருக்கிறான், பிடுங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். பிடுங்கினால் ஒளிந்து பார்ப்பான், அவ்வளவுதான். குட்டி வீடியோக்களில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தயாராக நிற்கும். 'இத்தோடு போதும்' என்று நிறுத்த இடமே இருக்காது. பெரியவர்களே திணறுகிறோம், அவனை மட்டும் திட்டி என்ன பயன்?

சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். உங்கள் போனும் அங்கேயே கிடக்கட்டும். அலாரம் வேண்டுமே என்பான். கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். அப்புறம் வேண்டாத நோட்டிஃபிகேஷன்களை அவனையே அணைக்கச் சொல்லுங்கள். திருட்டுத்தனமாக அவன் சாட் செய்திகளைப் படிக்காதீர்கள், உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். யாராவது அவனுடைய அந்தரங்கப் படத்தைக் கேட்டு மிரட்டினால் முதலில் உங்களிடம்தான் அவன் ஓடிவர வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தால் கதை வேறு: 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.