பழைய சர்வரில் ஃபயர்வால்: நெட்வொர்க் டிரைவர் சிக்கல்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: டெல் பவர்எட்ஜ் ஆர்610 சர்வரில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். பெரிய கோப்புகள் பரிமாறப்படும்போது லேன் (உள் நெட்வொர்க்) பக்கம் உறைந்துபோகிறது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது. வன்பொருள் பழுதா, ஐயா?

பதில்: பழுது என்று முடிவுகட்டும் முன் கார்டின் சிப் எது என்று பாருங்கள். அந்த சர்வரின் மதர்போர்டில் உள்ள நான்கு போர்ட்களும் பிராட்காம் 5709 வகையைச் சேர்ந்தவை; பிஎஃப்சென்ஸின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் அவற்றை இயக்குவது பிசிஇ என்ற டிரைவர். உறைந்திருக்கும் நேரத்திலேயே கன்சோலில் நுழைந்து நெட்ஸ்டாட் கட்டளையை "-எம்" என்ற தெரிவுடன் இயக்கினால், எம்பஃப் எனப்படும் பாக்கெட் நினைவகத் துண்டுகள் உச்சவரம்பைத் தொட்டுவிட்டனவா என்பது தெரியும். மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கை அங்கே ஏறிக்கொண்டிருந்தால் காரணம் அதுவே. போர்ட்களும் சிபியு கோர்களும் கூடக் கூட இத்துண்டுகளின் தேவையும் பெருகும் என்பதால், மேம்பட்ட சர்வர்களில்தான் இச்சிக்கல் அதிகம் தலைகாட்டும் என்பது ஒரு வேடிக்கை.

உச்சவரம்பைப் பத்து லட்சமாக உயர்த்துவது வழக்கம். ஒரு துண்டு 2 கேபி. ஆகவே அத்தனையும் பயன்பட்டால் ஏறத்தாழ 2 ஜிபி நினைவகம் அதற்கே போகும். 4 ஜிபி மட்டுமே உள்ள சர்வரில் அதைவிடக் குறைவாக வைப்பதே நல்லது. அத்துடன் பிசிஇ டிரைவரின் டிஎஸ்ஓ வசதியை, அதாவது அனுப்பும் தரவைப் பாக்கெட்களாக வெட்டும் வேலையை கார்டிடமே விடும் வசதியை, அணைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் கார்டு சிபியுவின் கவனத்தைக் கோரும் ஒரு முறையான எம்எஸ்ஐ-எக்ஸ் குறுக்கீட்டையும் அணைக்கலாம். ஒவ்வொன்றாகச் செய்து, இடையில் ஓரிரு நாள் ஓடவிட்டுப் பார்த்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும். இவற்றை லோடர்.கான்ஃப்.லோக்கல் என்ற கோப்பில் எழுதுங்கள், லோடர்.கான்ஃப் கோப்பை பிஎஃப்சென்ஸ் தானே திருத்தி எழுதிவிடும்.

கேள்வி: சிபியுவின் வேலையை கார்டிடம் விடும் ஆஃப்லோடு வசதிகளை இயக்கினால் வேகம் கூடும் என்றார்கள். இயக்கிய பின் சில இணையதளங்கள் பாதியில் நிற்கின்றன.

பதில்: அவ்வசதிகளில் ஒன்றான எல்ஆர்ஓ, வந்து சேரும் பல பாக்கெட்களை ஒன்றாக ஒட்டிப் பெரிதாக்கித் தருவது. தரவைத் தானே பயன்படுத்தும் கணினிக்கு அது உதவும். பாக்கெட்களை அப்படியே மறுபுறம் அனுப்ப வேண்டிய ரவுட்டருக்கு அது இடையூறு. பிஎஃப்சென்ஸிலும் அதைப் போன்ற மற்றொரு ஃபயர்வாலான ஓபிஎன்சென்ஸிலும் டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ இரண்டும் இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதற்கு இதுபோன்ற காரணங்கள் உண்டு. மீண்டும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கூடுதலாகச் செருகிய ரியல்டெக் கார்டில் "வாட்ச்டாக் டைம்அவுட்" என்ற செய்தி அடிக்கடி வருகிறது.

பதில்: அனுப்பச் சொன்ன பாக்கெட்டை கார்டு உரிய நேரத்தில் அனுப்பி முடிக்கவில்லை, அதனால் டிரைவர் அதை மீட்டமைக்கிறது என்பதே அச்செய்தியின் பொருள். ஓபிஎன்சென்ஸில் ரியல்டெக் தயாரிப்பாளரின் டிரைவரைத் தரும் பிளக்இன் உள்ளது. பலருக்கு அது போதும். என்னைக் கேட்டால், பழைய சர்வரிலிருந்து கழற்றிய இன்டெல் கார்டு ஒன்றை வாங்கிப் போடுவேன். ஐ350 கார்டுகளில் போலிகள் மலிந்துள்ளன என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டு கோர் உள்ள சர்வரிலும் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் தந்து இணையும் பிராட்பேண்ட் முறை) இணைப்பில் முழு வேகம் கிடைக்கவில்லை. ஒரு கோர் மட்டும் நூறு சதவீதத்தில் நிற்கிறது.

பதில்: இது பழுதன்று. பல வரிசைகள் கொண்ட கார்டு, ஐபி முகவரிகளைப் பார்த்துத்தான் பாக்கெட்களைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் முகவரி அதற்குத் தெரியாததால், உள்வரும் எல்லாமே ஒரே வரிசையில் விழுகின்றன. நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் என்ற மதிப்பை "டிஃபர்ட்" என மாற்றினால் சுமை ஓரளவு பகிரப்படும். பிஎஃப்சென்ஸ் 2.8இல் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இயங்கும் புதிய பிபிபிஓஇ டிரைவர் வந்துள்ளது. அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுத்து இயக்க வேண்டும். முதலில் அதையே முயலுங்கள்.

கேள்வி: ஏஇஎஸ்-என்ஐ (குறியாக்கத்தை விரைவுபடுத்தும் சிபியு வசதி) இல்லாத இன்டெல் ஜியான் சிபியுவை ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அதைக் கட்டாயமாக்கப்போவதாக பிஎஃப்சென்ஸ் தரப்பு 2017இல் அறிவித்துப் பின்னர் கைவிட்டது. விபிஎன் அதிகம் பயன்படுத்தினால் மட்டும் 5500 வரிசையை விட 5600 வரிசை மேல். அந்த வசதி பிந்தையதில் இருக்கிறது. 32 பிட் மட்டுமே உள்ள சர்வரின் நிலை வேறு: 2.4 பதிப்பிலிருந்தே அதற்கு ஆதரவில்லை.