ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்டில் டெட்ராய்ட் லயன்ஸ் ஆட்டக்காரர்களை 2025 சீசனுக்கும் நம்பி எடுக்கலாமா?

(2025 சீசன் தொடங்கும் முன் எழுதிய பதில் இது. ஃபேண்டஸி ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்து ஒரு கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆட்டத்துக்கு வரும் புள்ளியில் மோதுவது. அந்த எடுப்புக்குத்தான் டிராஃப்ட் என்று பெயர்.) கேள்விக்குக் கீழே கேட்டவர் சில விவரம் கொடுத்திருக்கிறார். ஆபீஸ் லீக், 12 பேர், பிபிஆர் கணக்கு, டிராஃப்டில் இவருக்கு 8-வது இடம், ஆடுவது இதுதான் முதல் தடவை. "தாக்குதல் பயிற்சியாளர் பென் ஜான்சன் போய்விட்டார், இனி லயன்ஸ் பக்கமே தலைவைக்காதே என்கிறார்கள். உண்மையா?" என்று முடித்திருக்கிறார்.

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் மிச்சிகனில் ஒரு கார் பாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸ் லீக்கில் இது எனக்கு ஏழாவது வருஷம். ஒரு தடவை ஜெயித்திருக்கிறேன், இரண்டு தடவை கடைசி இடம். கடைசியில் வந்தவன் வருஷம் முழுக்க மேஜையில் ஒரு ரப்பர் கோழியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம். அந்தக் கோழி எனக்கு நல்ல பழக்கம். இவ்வளவுதான் என் தகுதி.

புதியவர் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்ரீம்11 ஆடிய கையோடு வந்தால் இது குழப்பும். அங்கே ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் எடுக்கலாம். இங்கே ஒருவர் ஒரு ஆட்டக்காரரை எடுத்துவிட்டால், தானாக விட்டுக்கொடுக்காதவரை அந்த ஆட்டக்காரர் அவருக்குத்தான், மற்ற 11 பேருக்கும் கிடையாது. அதனால் "இவன் நல்ல ஆட்டக்காரனா" என்ற கேள்வி போதாது, "இந்தச் சுற்றில் இவனை எடுப்பது லாபமா" என்றுதான் கேட்க வேண்டும். பிபிஆர் கணக்கில் பந்தைப் பிடித்தாலே 1 புள்ளி, ஓடியோ பிடித்தோ கடந்த ஒவ்வொரு 10 யார்டுக்கும் 1 புள்ளி, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், அதற்கு 6. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் எறிந்த 25 யார்டுக்கு 1, எறிந்த டச்டவுனுக்கு 4. எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டால் அது இடைமறிப்பு, அதற்குக் கழிப்பார்கள்.

இனி லயன்ஸ். 2024-ல் இவர்கள் 15 ஆட்டம் ஜெயித்து 2 தோற்றார்கள். 564 புள்ளி எடுத்தார்கள், என்எஃப்எல்லிலேயே அதிகம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இருந்தது, வழிந்து ஓடியது. பந்தோடு ஓடுகிற கிப்ஸ், மான்ட்கமரி, பந்தைப் பிடிக்கிற செயின்ட் பிரவுன், வில்லியம்ஸ், லபோர்ட்டா, எறிகிற குவார்ட்டர்பேக் கோஃப் என்று ஆறு பேர் ஒரே அணியிலிருந்து ஃபேண்டஸி அணிகளில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சட்டியைக் கிண்டியவர்தான் பென் ஜான்சன், தாக்குதல் பயிற்சியாளர். 2025 ஜனவரியில் சிகாகோ பேர்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்தால் போதும். 2024 டிசம்பர் 22, சிகாகோ, குளிர். கோஃப் பந்தை வாங்குகிறார், கால் தடுக்கித் தடுமாறுகிறார். பக்கத்தில் கிப்ஸ், கீழே விழுந்த பந்தின் மேல் பாய்வதுபோல் தரையில் விழுகிறார். சிகாகோ தடுப்பாட்டக்காரர்கள் ஒரு கணம் பந்து நழுவிவிட்டது என்று நினைத்து முன்னால் வருகிறார்கள். பந்தோ கோஃப் கையிலேயே இருக்கிறது. பின்னால் தனியாக நின்ற லபோர்ட்டாவுக்கு எறிந்தார், 21 யார்டு டச்டவுன். தடுமாறியது, விழுந்தது எல்லாம் ஒத்திகை பார்த்த நடிப்பு. ஏமாந்த அதே சிகாகோதான் ஒரு மாதம் கழித்து அவரை வேலைக்கு வைத்தது. ஏமாந்த கடைக்காரன் ஏமாற்றியவனையே கல்லாவில் உட்காரவைத்த கதை.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஜான்சன் போனதால் எது குறையும் என்பது இதில் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் கால் வேகம் குறையாது, கோஃபின் கை குறி தப்பாது. குறையப்போவது எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆளே இல்லாத இடத்தில் ஒருவனை நிறுத்திவைக்கும் அந்தக் களவாணித்தனம். அதாவது டச்டவுன். 2025 சீசனுக்கு ஜான்சன் இடத்துக்கு வந்த ஜான் மார்ட்டன் அந்நியர் இல்லை, 2022-ல் இங்கேயே வேலை செய்தவர், பிறகு டென்வருக்குப் போனவர். பழைய பாத்திரத்திலேயே சமைப்பார். ஆனாலும் மறுபடி 564 என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஆகவே நான் போடும் கணக்கு இது. 2024 புள்ளிகளை எடுத்துக்கொண்டு டச்டவுனை மொத்தமாகக் கழித்துவிட்டுப் பாருங்கள். டச்டவுன் வரும் போகும். பிடித்த பந்தும் கடந்த யார்டும்தான் மாதச் சம்பளம், டச்டவுன் தீபாவளி போனஸ்.

அமோன்-ரா செயின்ட் பிரவுன் 115 பந்து பிடித்தார், 1,263 யார்டு, 12 டச்டவுன். போனஸைக் கழித்தாலும் 241 புள்ளி நிற்கிறது. ஜாமிர் கிப்ஸ் ஓடி 1,412 யார்டு, 52 பந்து பிடித்து 517 யார்டு, மொத்தம் 20 டச்டவுன். கழித்தால் சுமார் 245. டேவிட் மான்ட்கமரிக்கு 14 ஆட்டத்தில் ஓடி 775 யார்டு, 36 பந்து, 341 யார்டு, 12 டச்டவுன். கழித்தால் 148-க்குக் கீழே போய்விடும். இப்போது புரிகிறதா, ஆபீசில் சொன்னவர்கள் எங்கே சரி, எங்கே தப்பு என்று? ஜான்சன் போனதால் அடி வாங்கப்போகிறவர்கள் மான்ட்கமரியும் கோஃபும். செயின்ட் பிரவுனுக்கு மாதச் சம்பளம் அப்படியே வரும்.

கிப்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. அந்த 20 டச்டவுனில் 4 டச்டவுன் கடைசி வாரமான 18-வது வாரத்தில் மினசோட்டாவுக்கு எதிராக வந்தவை. பெரும்பாலான லீக்குகள் 17-வது வாரத்தோடு முடிந்துவிடும். எங்கள் லீக்கில் கோப்பையைக் கொடுத்து, பீட்சா தின்று, குழுவையே மியூட் செய்துவிட்ட பிறகு அந்த ஆள் அன்று நாலு தடவை எல்லைக்கோட்டைத் தாண்டினார். எனவே பட்டியலில் 20 என்று பார்க்கும்போது மனசுக்குள் 16 என்று படியுங்கள்.

அப்படிப் படித்த பிறகும் கிப்ஸ் முதல் சுற்று ஆட்டக்காரர்தான். காரணம் வேறு. 15-வது வாரம் பஃபலோ ஆட்டத்தில் மான்ட்கமரிக்கு முழங்காலில் அடிபட்டது. அடுத்த மூன்று ஆட்டத்திலும் கிப்ஸ் தனியாக ஓடினார், மூன்றிலும் 100 யார்டு தாண்டினார். இருவருக்கும் ஊரில் வீடியோ கேம் பாத்திரங்களின் பெயரில் சோனிக், நக்கிள்ஸ் என்று பட்டப்பெயர். ஒருவர் வேகம், ஒருவர் முரட்டு இடி. புதுப் பயிற்சியாளர் வேகத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும், இழந்த டச்டவுனை கிப்ஸ் ஓட்டத்திலேயே ஈடுகட்டிவிடுவார்.

ஒரு கவலை பாக்கி இருக்கிறது, அது ஜான்சனைவிட என்னை அதிகம் உறுத்துகிறது. கோஃபைக் காத்து நிற்கும் முன்வரிசையில், நடுவில் நிற்கும் சென்டர் ஃபிராங்க் ராக்னோ 2025 ஜூன் மாதம் 29 வயதிலேயே ஓய்வு அறிவித்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு கெவின் ஸைட்லர் டென்னசி அணிக்குப் போய்விட்டார். முன்வரிசையின் நடுவில் இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் காலி. என்எஃப்எல் டிராஃப்டில் லயன்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்த டேட் ராட்லெட்ஜ் என்ற பையன் கார்டு இடத்துக்கு வருகிறார். பெனே சூவல் வலது ஓரத்தில் மலைபோல் நிற்கிறார் என்பது ஆறுதல். ஆனால் கோஃப் ஓடித் தப்பிக்கும் ரகம் இல்லை, நேர் எதிரே நடுவிலிருந்து ஆள் வந்தால் தடுமாறுவார், அப்போது அது நடிப்பாக இருக்காது.

இனி ஜேமசன் வில்லியம்ஸ். இவரைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது.

2024 டிசம்பர், எங்கள் லீக் அரையிறுதி. மேலே சொன்ன அதே சிகாகோ ஆட்டம். வில்லியம்ஸ் என் அணியில் இருந்தார். முந்தின ராத்திரி வானிலையைப் பார்த்தேன். குளிர், திறந்த மைதானம், நீளப் பந்து எடுபடாது என்று பெரிய நிபுணன் மாதிரி முடிவுகட்டி அவரைப் பெஞ்சில் போட்டேன். என் மனைவிக்கு இந்த விளையாட்டில் ஆனா ஆவன்னா தெரியாது. "வேகமா ஓடுறவனை ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். மறுநாள் அந்த மனிதர் ஒரு பந்தைப் பிடித்து 82 யார்டு போய் டச்டவுன் வைத்தார். அந்த ஒரே பிடியில் 15 புள்ளி. நான் 9 புள்ளியில் தோற்றேன். இன்றைக்கும் ரசத்தில் உப்பு குறைந்தது என்று சொன்னால், "82 யார்டு" என்று பதில் வருகிறது.

அவர் அப்படித்தான். சீசன் முழுக்க 58 பந்துதான் பிடித்தார், ஆனால் 1,001 யார்டு. ஒரு பிடிக்கு 17 யார்டுக்கு மேல். ஒரு வாரம் 4 புள்ளி, மறு வாரம் 24. எடுத்தால் தினம் தினம் யோசிக்காமல் ஆடவிடுங்கள். என்னை மாதிரி வானிலை பார்க்கிற ஆள் என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

சாம் லபோர்ட்டா: 2023-ல் 86 பந்து, 10 டச்டவுன். 2024-ல் 60 பந்து, 7 டச்டவுன். முதல் வருஷ விலைக்கு, அதாவது அவ்வளவு முந்திய சுற்றில், யாரும் இப்போது வாங்கப்போவதில்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. விலை குறைந்திருக்கிறது, ஆள் அதே ஆள். பந்து பிடிக்கப் புதிதாக வந்த ஐசக் டெஸ்லா உயரமாக இருக்கிறார், கடைசிச் சுற்றில் வேறு யாரும் இல்லையென்றால் பாருங்கள்.

ஜாரெட் கோஃப் பற்றிக் கொஞ்சம். 2024-ல் 4,629 யார்டு, 37 டச்டவுன். சியாட்டிலுக்கு எதிராக 18 பந்து எறிந்து 18-ம் சேர்ந்தன, ஒன்று கூடத் தரையில் விழவில்லை. அதே ஆள் ஹூஸ்டனில் 5 இடைமறிப்பு கொடுத்தார் (அதையும் அணி 26-23 என்று ஜெயித்தது வேறு கதை). கால் ஓட்டத்தில் புள்ளி கிடையாது, எல்லாம் எறிந்துதான். டச்டவுன் 37 இல்லாமல் 29 ஆனால் 32 புள்ளி காணாமல் போகும்.

ஆனால் 2025 அட்டவணையைத் திறந்து பாருங்கள். முதல் ஆறு வாரத்தில் நாலு ஆட்டம் வெளியூரில், திறந்தவெளியில்: கிரீன் பே, பால்டிமோர், சின்சினாட்டி, கான்சாஸ் சிட்டி. 10, 11-வது வாரங்களில் வாஷிங்டன், பிலடெல்பியா. அதற்குப் பிறகு 12-லிருந்து 17 வரை ஆறு ஆட்டமும் கூரைக்கு அடியில். நாலு சொந்த ஊர், மற்ற இரண்டு லாஸ் ஏஞ்சலஸும் மினியாபொலிஸும். ஃபேண்டஸி லீக்கின் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) நடக்கும் 15, 16, 17 மூன்றும் இதில் அடக்கம். டிசம்பரில் மற்ற குவார்ட்டர்பேக்குகள் பனியில் விரல் விறைத்து நிற்கும்போது இவர் உள்ளரங்கில் எறிந்துகொண்டிருப்பார். அதனால் நான் கோஃபை டிராஃப்டில் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். நவம்பர் நடுவில், அவரை வைத்திருப்பவர் சலித்துப்போயிருக்கும் நேரத்தில், டிரேடு (ஆளுக்கு ஆள் மாற்று) கேட்பேன். (என் லீக் ஆட்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தைரியமாக எழுதுகிறேன்.)

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. லயன்ஸுக்கு 8-வது வாரம் ஓய்வு. மூன்று பேரை எடுத்தால் அந்த வாரம் மூன்று பேரும் இல்லை. பிறகு நன்றி தெரிவிக்கும் நாள் வியாழக்கிழமை கிரீன் பேயுடன், அடுத்த வியாழனும் டல்லஸுடன், கிறிஸ்துமஸ் வியாழனன்று மினசோட்டாவுடன். ஞாயிற்றுக்கிழமை காலை அணியைச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் பூட்டு விழுந்திருக்கும். அந்த மூன்று புதன்கிழமைக்கும் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு 8-வது இடம். கிப்ஸ் உங்கள் வரை வருவது கஷ்டம், வந்தால் யோசிக்காதீர்கள். வராவிட்டால் செயின்ட் பிரவுன். "இரண்டாம் சுற்றில் கிடைப்பார்" என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்புவதால் உங்கள் இரண்டாவது வாய்ப்பு 17-வது, அதுவரை அவர் தங்க மாட்டார். 2021-ல் நிஜமான என்எஃப்எல் டிராஃப்டில் லயன்ஸ் இவரை நாலாம் சுற்றில் 112-வது ஆளாக எடுத்தபோது தனக்கு முன்னால் போன 16 ரிசீவர்களின் (பந்து பிடிப்பவர்களின்) பெயரையும் இன்றுவரை மனப்பாடமாகச் சொல்கிற மனிதர், அப்படிப்பட்ட வைராக்கியம் என் அணியில் இருக்கட்டும் என்று நான் நினைப்பேன். பிறகு 56-வது, 65-வது என்று உங்கள் முறை வரும்போது லபோர்ட்டா இருந்தால் எடுங்கள். மான்ட்கமரியை வேறு யாராவது சந்தோஷமாக எடுத்துப்போகட்டும், கிப்ஸ் உங்களிடம் இருந்தால் மட்டும் காப்பீடு மாதிரி அவரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வில்லியம்ஸை எடுப்பதா வேண்டாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வீட்டில் கேளுங்கள்.