சக்கரத்தையே சுற்றும் மகன்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. எழுந்ததும் கார், தூங்கும்போதும் கையில் லாரி. தரையில் படுத்துக்கொண்டு சக்கரம் சுழல்வதையே பார்க்கிறான். கவலைப்பட வேண்டுமா?

பதில்: இந்த வயதில் இது சகஜம். தள்ளினால் ஓடும், விட்டால் நிற்கும் என்பதே அவனுக்குப் பெரிய ஆராய்ச்சி. கவனிக்க வேண்டியது வேறு. பெயர் சொன்னால் திரும்புகிறானா? ‘அதோ பஸ்’ என்று விரல் நீட்டிவிட்டு உங்கள் முகத்தையும் பார்க்கிறானா? இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா? இவை இல்லாவிட்டால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மோகத்தைத் தடுக்காமல் பயன்படுத்துங்கள். அவன் ‘லாரி’ என்றால் நீங்கள் ‘பெரிய லாரி’, ‘லாரி நின்னுடுச்சு’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். பலகையின் ஒரு முனையை 2 புத்தகத்தின் மேல் வைத்துக் காரை விடுங்கள்; பிறகு 4 புத்தகம். அடுத்து பலகையில் துண்டை விரித்தால் கார் ஏன் மெதுவாகிறது என்று அவனே குனிந்து பார்ப்பான். விளையாட்டை நிறுத்தச் சொல்லும்போதுதான் அழுகை வரும். பிடுங்காதீர்கள், ‘காரை ஷெட்டில் விடலாம்’ என்று ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டுங்கள்.

சக்கரத்தை இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்தக் கார் வேண்டாம். சைரன் வண்டியின் பேட்டரி மூடிக்குத் திருகாணி அவசியம். பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.